எஸ்கேப் செய்தும் எல்லா ஆர்டரும் தெரிகிறதே – பதில்

வணக்கம் நண்பரே, உங்கள் பிஎச்பி தளத்தில் எல்லா உள்ளீட்டையும் ரியல் எஸ்கேப் ஸ்ட்ரிங் என்ற ஃபங்ஷன் வழியாக அனுப்பியும், முகவரிப் பட்டையில் ஐடி 5-க்குப் பக்கத்தில் 'ஆர் 1=1' (OR 1=1, 'அல்லது 1=1', எப்போதும் உண்மையாகும் நிபந்தனை) என்று போட்டால் எல்லோருடைய ஆர்டரும் வந்து கொட்டுகிறது என்கிறீர்கள். கொட்டத்தான் செய்யும். அந்த ஃபங்ஷன் மேற்கோள்குறி மாதிரி சில எழுத்துகளுக்கு முன்னால் ஒரு பின்சாய்வைச் சேர்க்கும், அவ்வளவுதான். உங்கள் குவெரியில் (தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளையில்) ஐடியைச் சுற்றி மேற்கோளே இல்லை, தட்டியதிலும் இல்லை, அப்புறம் அது எதைத் தடுக்கும்?

மேற்கோள் போட்டு ஒட்டுப்போட வேண்டாம். பிடிஓவில் (PDO, தரவுத்தளத்தோடு பேச பிஎச்பியில் இருக்கும் வசதி) குவெரியை முதலில் ப்ரிப்பேர் செய்து ஐடி வரும் இடத்தில் ஒரு கேள்விக்குறி வையுங்கள், மதிப்பை எக்ஸிக்யூட்டில் தனியாகக் கொடுங்கள். அதற்குப் பிறகு யார் என்ன தட்டினாலும் அது வெறும் மதிப்புதான், கட்டளையாக மாறாது. எமுலேட் ப்ரிப்பேர்ஸ் என்ற அமைப்பையும் (மதிப்பைத் தனியாக அனுப்பாமல் பிடிஓவே குவெரிக்குள் பொருத்துவது) ஃபால்ஸ் ஆக்குங்கள், மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு அது தானாகவே ஆனில் இருக்கும்.

வரிசைப்படுத்தச் சொல்லும் ஆர்டர் பை-க்குப் (ORDER BY) பின் வரும் நெடுவரிசைப் பெயருக்கு மட்டும் கேள்விக்குறி உதவாது (நானும் ஒரு மாலை முழுக்க முட்டிப் பார்த்தேன்). அங்கே அனுமதிக்கும் பெயர்களை நீங்களே ஒரு அரேயில் வைத்து, அதில் இல்லாததைத் தள்ளிவிடுங்கள்.

இன்னொன்று, இதையெல்லாம் செய்தாலும் 5-ஐ 6 ஆக்கினால் அடுத்தவர் ஆர்டர் தெரியும். குவெரியில் நிபந்தனை சொல்லும் வேர் (WHERE) பகுதியில் லாகின் ஆனவரின் யூசர் ஐடியையும் சேருங்கள்.