ரிசர்வ் நிலத்தில் கடை: யாருடைய கையெழுத்து செல்லும்?

கேள்வி: கனடாவின் சாஸ்கடூன் நகருக்குள்ளேயே பழங்குடியினரின் ரிசர்வ் (அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலம்) ஒன்று இருக்கிறது. அங்கே உணவகம் தொடங்க ஓர் இடம் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய தலைவரே "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். ரிசர்வில் வரியே கிடையாதாமே? முன்பணம் கொடுத்துவிடலாமா?

பதில்: முன்பணம் கொஞ்சம் பொறுக்கட்டும். நீங்கள் பேசியது கட்டட உரிமையாளரிடம் அல்ல, ஓர் அரசாங்கத்திடம்.

1876இல் வந்த இந்தியர் சட்டம் ('இந்தியர்' என்று அது சொல்வது கனடாவின் பழங்குடியினரை) இந்தச் சமூகங்களை 'பேண்ட்' என்கிறது. அவர்கள் தங்களை 'ஃபர்ஸ்ட் நேஷன்' என்கிறார்கள். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் கவுன்சிலும்தான் நிர்வாகம். முறையாகக் கூட்டிய கூட்டத்தில், வந்திருந்த கவுன்சில் உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் சம்மதித்தால்தான் அது கவுன்சிலின் முடிவு. தலைவரின் வாய்வார்த்தை, எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும், அந்த முடிவாகிவிடாது. தீர்மான நகலைக் கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது நிலம். சட்டப்படி பட்டா கனடா அரசின் பெயரில்; அனுபவிக்கும் உரிமை சமூகத்துக்கு. அதனால் வெளியார் ஒருவர் அந்தச் சமூகத்து உறுப்பினர் ஒருவரோடு தனியாக எழுதிக்கொள்ளும் வாடகை ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. வணிகத்துக்கு விட வேண்டுமானால் முதலில் சமூகத்தார் வாக்களித்து அந்த நிலத்தைக் குத்தகைக்கென்று ஒதுக்க வேண்டும். அப்புறம் பெரும்பாலும் பேண்டுக்குச் சொந்தமான ஒரு நிறுவனம் மூலக்குத்தகை எடுக்கும். உங்களுக்குக் கிடைப்பது உள்குத்தகை. மூலக்குத்தகை எந்த ஆண்டு முடிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், உங்களுடையது அதைத் தாண்டி நீளாது. சில சமூகங்கள் சொந்த நிலச் சட்டம் இயற்றி ஒட்டாவாவின் (கனடா மத்திய அரசின்) ஒப்புதலே தேவையில்லாமல் குத்தகை விடுகின்றன. உங்கள் இடம் எந்த வகை என்பதை வழக்கறிஞர் முதலில் பார்க்கட்டும்.

நகருக்குள் ரிசர்வ் எப்படி வந்தது என்று தோன்றலாம். பழங்குடியினரோடு அரசு செய்துகொண்ட 1876இன் ஆறாம் உடன்படிக்கை, ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு சதுர மைல் நிலம் என்று வாக்களித்தது. பலருக்கு அது முழுதாகக் கிடைக்கவே இல்லை. அந்தப் பழைய கடனுக்கு ஈடாக, மஸ்கெக் லேக் க்ரீ என்ற பழங்குடி மக்களுக்கு 1988இல் சாஸ்கடூனுக்குள் நிலம் ரிசர்வாக ஆனது. யாரும் தூக்கிக் கொடுத்த சலுகை இல்லை.

சரி, வரிக்கு வருவோம். விலக்கு, 'ஸ்டேட்டஸ்' உள்ளவர்களுக்கும் (இந்தியர் சட்டப்படி பழங்குடியினர் என்று பதிவு பெற்றவர்கள்) பேண்டுக்கும்தான். உங்களுக்கு இல்லை; லாபத்துக்கு வழக்கம்போல வருமான வரி கட்ட வேண்டும். ஸ்டேட்டஸ் கார்டு காட்டும் வாடிக்கையாளரிடம் பொதுவாக ஜிஎஸ்டி வாங்கக்கூடாது, மற்றவர்களிடம் வாங்க வேண்டும். நகராட்சிக்குச் சொத்துவரி போகாது என்பது நிஜம்தான். ஆனால் குப்பை, தீயணைப்பு போன்ற சேவைகளுக்காக பேண்ட் நகராட்சிக்கு ஏறக்குறைய அதே அளவு கட்டணம் செலுத்தும். அந்தப் பணம் உங்கள் பில்லில் வந்து நிற்கும்.

வங்கிக் கடன் கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். ரிசர்வ் நிலத்தை வங்கி அடமானம் பிடிக்க முடியாது. ஆனால் முறையாக ஒதுக்கிய நிலத்தின் மீதுள்ள குத்தகை உரிமையை அடமானம் வைக்கச் சட்டத்தில் இடமுண்டு. குத்தகைப் பத்திரத்தில் அதற்கான பிரிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.