ஆங்கிலத்தில் ‘ஆல்தோ’ போட்டால் ‘பட்’ ஏன் வரக்கூடாது?

இரண்டு வாக்கியங்களைச் சேர்க்கும் சொல்தான் இணைப்புச் சொல். ‘ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் வி வென்ட் அவுட்’ என்று எழுதுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். இரண்டில் ஒன்று போதும். ‘ஆல்தோ’ வந்ததுமே அந்தப் பகுதி தனித்து நிற்க முடியாமல் அடுத்த பகுதியின் மேல் சாய்ந்துவிடுகிறது; இணைப்பு அங்கேயே முடிந்தது. ‘பட்’ என்பதோ தனித்து நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களைச் சமமாகக் கட்டுவது. இங்கே அதற்கு வேலையே இல்லை. ஒரே காஜாவில் இரண்டு பட்டன் நுழைக்கிற கதைதான். தமிழிலும் ‘மழை பெய்தாலும், ஆனால் போனோம்’ என்றால் உறுத்துகிறது இல்லையா? (பேச்சு வேகத்தில் நானும் சொல்லியிருக்கிறேன்.)

அப்புறம், ‘ஸ்டில்’ என்பதற்கும் இதே தடை என்று சிலர் நினைக்கிறார்கள். அது இணைப்புச் சொல்லே அல்ல. ‘ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், வி ஸ்டில் வென்ட் அவுட்’ என்று தாராளமாக எழுதலாம்.