விமானப்படைக் கனவும் உயர்தரப் பாடத் தெரிவும்: ஹட்டன் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை இலங்கை விமானப்படையில் பெரிய அதிகாரியாக வர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் அதற்கான முதல் முடிவை, சாதாரண தரப் பெறுபேறு கையிலிருக்கும் இந்த நேரத்திலேயே எடுத்தாக வேண்டும்.

மகன் எயார் மார்ஷல் பதவியைப் பற்றியே பேசுகிறான் என்கிறீர்கள். அது விமானப்படைத் தளபதியின் பதவி, நியமிப்பவர் ஜனாதிபதி. கெடட் அதிகாரியாகச் சேர்பவர் பைலட் ஒஃபிசராகத் தொடங்கி, ஸ்குவாட்ரன் லீடர், விங் கமாண்டர், குரூப் கப்டன் எனப் படிப்படியாக ஏறிய பிறகே எயார் கொமடோர் ஆகிறார். எயார் மார்ஷல் அதற்கும் மேலே. அதற்குள் தலை நரைத்துவிடும். ஆகவே இப்போது தோள்பட்டியைப் பார்க்க வேண்டாம், பாடங்களைப் பார்ப்போம்.

கணிதத்தில் நல்ல பெறுபேறு இருந்தால் உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் எடுக்கட்டும். பாடசாலையில் அந்தப் பிரிவு இல்லை என்பதற்காகக் கலைப்பிரிவில் சேர்த்துவிடாதீர்கள். நம் பிள்ளைகள் பலருடைய கனவு அங்கேதான் முடங்குகிறது. விடுதியுள்ள வேறு பாடசாலையை இப்போதே விசாரியுங்கள். கணிதப் பிரிவு இருந்தால் விமானப் பொறியியலுக்கும் வழி திறக்கும். இரத்மலானையிலுள்ள கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் விண்ணப்பிக்கலாம்.

விமானியாக ஆசைப்படுகிறான் என்றால் முதலில் கண்ணைச் சோதியுங்கள், குறிப்பாக நிறப்பார்வையை. அதில் குறை இருந்தால் விமானம் ஓட்ட முடியாது. ஆனால் பொறியியல், வழங்கல், நிர்வாகம் எனப் பிற பிரிவுகளும் இருக்கின்றன. அவற்றுக்கும் தனித்தனி மருத்துவ விதிகள் உண்டு, ஆட்சேர்ப்பு விளம்பரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலமும் சிங்களமும் இல்லாமல் திருகோணமலை சீனக்குடாவிலுள்ள விமானப்படைப் பயிற்சி அகடமியில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. இரண்டையும் இன்றே தொடங்கட்டும்.

மகனின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதில் தகப்பன் பெயர் 'இராமசாமி', தகப்பனின் அடையாள அட்டையில் 'ராமசாமி' என்றிருந்தால், நேர்முகப் பரீட்சைக்கு முந்தைய நாள் ஓடித் திரிய நேரிடும். பிரதேச செயலகத்தில் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

போர்க்கால நினைவுகளால் உறவினர் முகம் சுளிக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வலி உண்மையானது. அதை மகனிடம் மறைக்காமல் பேசுங்கள். அதைக் கேட்ட பிறகும் அவன் போக விரும்பினால், அது அவனாக எடுத்த முடிவு, தடுக்காதீர்கள்.

பெறுபேற்றுத் தாளின் பிரதியை எனக்கு அனுப்புங்கள். கணிதத்தில் எந்தச் சித்தி என்று பார்த்த பிறகு, எந்தப் பாடசாலை என்பதைப் பேசி முடிவெடுப்போம்.