அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் புது வீட்டின் தோட்டத்துக்கு மணமுள்ள பாலைவனப் புதர்ச்செடிகளில் எவற்றைத் தேர்ந்தெடுக்கலாம்?

முதலில் கிரியோசோட். மற்றவற்றை அதற்குப் பிறகு யோசியுங்கள்.

மல்லிகை, முல்லை என்று பூவில் மணம் தேடியே நமக்குப் பழக்கம். அரிசோனாவின் சொனோரன் பாலைவனத்திலோ மணம் பெரும்பாலும் இலையில்தான் இருக்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 180 மி.மீ. மழை பெய்யும் பீனிக்ஸில், இலையின் ஈரம் வெயிலில் போய்விடாமல் காக்கவும், மேய வரும் விலங்குகளை விரட்டவும் செடிகள் பிசினையும் எண்ணெயையும் பூசிக்கொள்கின்றன. ஆகவே பூக்கும் பருவத்தை மட்டும் பார்த்துச் செடி வாங்காதீர்கள். நர்சரியில் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

கிரியோசோட்டின் இலை மிகச் சிறியது. அடியில் ஒட்டிய இரண்டு சிற்றிலைகள், மேலே வார்னிஷ் பூசியது போன்ற பளபளப்பு. ஒரு கொத்தை இரு கைகளுக்குள் பொத்தி, வாயால் ஆவி படும்படி ஊதிவிட்டு முகர்ந்து பாருங்கள். ஜூலை மாதப் பருவமழை இறங்கும்போது ஊர் முழுக்கப் பரவும் வாசனை அதுதான். சிலருக்கு அது தார் வாடையாகவும் படும். வீட்டில் எல்லோரும் முகர்ந்து பார்த்த பிறகு முடிவு செய்வது நல்லது. எனக்கு அந்த வாசனை இல்லாத பாலைவனத் தோட்டம் தோட்டமாகவே தோன்றுவதில்லை. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஒரே செடியிலிருந்து வளையமாகப் படர்ந்திருக்கும் கிரியோசோட்டுக்கு வயது சுமார் 11,700 ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள். சிறிய தொட்டியில் உள்ள கன்றையே வாங்குங்கள். பாலைவனத்திலிருந்து பிடுங்கி வந்தால் பெரும்பாலும் பிழைக்காது, சட்டச் சிக்கலும் வரும்.

அடுத்தது டெசர்ட் லாவெண்டர். துளசியின் குடும்பம். சாம்பல் பூத்த இலை, ஊதா நிறச் சிறு பூக்கள். ஆளுயரத்துக்கும் மேலே வளரும். வறண்ட ஓடைக்கரைகளில் வளரும் செடி என்பதால் கிரியோசோட்டைவிடச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் கேட்கும். கடும் உறைபனி தாங்காது. தெற்குப் பார்த்த சுவரை ஒட்டி நடலாம். தேனீக்கள் மொய்க்கும், எனவே குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

பூமணமும் வேண்டும் என்றால் பீ பிரஷ் இருக்கிறது. மழை பெய்த பிறகு வெள்ளைக் கதிர்களாகப் பூத்து வெனிலா மணம் வீசும். மற்ற நாட்களில் ஒல்லியாக, ஒழுங்கில்லாமல் நிற்கும், பின்வரிசைக்கே சரி. ஒயிட்தார்ன் அகேசியா நம் கருவேலத்தின் நெருங்கிய உறவு. அதே மஞ்சள் உருண்டைப் பூ, நல்ல மணம், ஆனால் முள். வெள்ளி இலைகளுடைய பிரிட்டில் புஷ்ஷின் பிசினை ஸ்பானியப் பாதிரிமார்கள் தேவாலயங்களில் சாம்பிராணியாக எரித்திருக்கிறார்கள். வீட்டில் யாருக்காவது மகரந்த ஒவ்வாமை இருந்தால் பர்சேஜ் என்ற புதர் மட்டும் வேண்டாம். அதன் மகரந்தம் காற்றில் பரவும்.

நடுவதற்கு ஏற்ற காலம் அக்டோபர், நவம்பர். குழியைத் தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் அடியில் காலிச்சி, அதாவது நம் ஊர்ச் சுக்கான் போன்ற சுண்ணாம்புப் படலம் இருக்கலாம். அதை உடைத்து வடிய வழி செய்யுங்கள், அல்லது இடத்தை மாற்றுங்கள். குழி அகலமாக இருந்தால் போதும், ஆழம் தேவையில்லை. எருவும் வேண்டாம். முதல் கோடை முடியும்வரை தவறாமல் நீர் விடுங்கள். பிறகு எப்போதாவது ஒருமுறை, வேர் ஆழத்துக்கு நனையும்படி விட்டால் போதும். செடி வளர வளரச் சொட்டுநீர்க் குழாயைத் தண்டிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். தினமும் நனைத்தால் கிளைகள் நீண்டு சாய்ந்துவிடும்.

தயவுசெய்து இவற்றைப் பந்துபோல வெட்ட யாரையும் விடாதீர்கள். இந்த ஊரில் அந்த வழக்கம் அதிகம். மணமுள்ள இளந்தளிரும் பூமொட்டும் அந்த வெட்டில்தான் போகின்றன. காய்ந்த கிளையை மட்டும் அடியோடு நறுக்கினால் போதும்.

செடிகளுக்கு, 1939-இல் தொடங்கிய டெசர்ட் பொட்டானிக்கல் கார்டன் நடத்தும் விற்பனையைப் பாருங்கள். மல்லிகையைக் கைவிட மனமில்லை என்றால் அதைத் தொட்டியில் வையுங்கள். காலை வெயில் மட்டும் படட்டும், உறைபனி இரவுகளில் உள்ளே எடுத்துவிடுங்கள். கிரியோசோட்டுக்கும் அதற்கும் ஒரே சொட்டுநீர் வரிசை மட்டும் கூடவே கூடாது.