ஏ.ஆர்.டி. எடுக்கும் கர்ப்பிணி: எந்த மாத்திரையை எப்போது போடுவது?

கேள்வி: எனக்கு ஹெச்.ஐ.வி. இருக்கிறது. இப்போது ஐந்தாம் மாதம். ஏ.ஆர்.டி. (ஹெச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்தில் தந்த, மூன்று மருந்துகள் சேர்ந்த டி.எல்.டி. மாத்திரையை ராத்திரி 10 மணிக்குப் போடுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் கொடுத்திருக்கிறார்கள். குழந்தைக்குத் தொற்றாமல் இருக்க வைட்டமின் ஏ மாத்திரையும் போடச் சொல்கிறார் தெரிந்த ஒருவர். போடலாமா டாக்டர்?

பதில்: வைட்டமின் ஏ மாத்திரை வேண்டாம். தொற்றைத் தடுக்குமோ என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் மருத்துவர்களுக்கும் இருந்தது. தான்சானியாவின் தார் எஸ் ஸலாமில் ஹெச்.ஐ.வி. உள்ள 1,075 கர்ப்பிணிகளிடம் அதைச் சோதித்தார்கள். பி, சி, இ வைட்டமின்கள் சேர்ந்த மாத்திரையால் வயிற்றிலேயே குழந்தை இறப்பதும் எடை குறைந்து பிறப்பதும் குறைந்ததாக 1998-ல் முடிவு வந்தது. ஆனால் வைட்டமின் ஏ எடுத்த தாய்மார்களின் குழந்தைகளுக்குத் தொற்று அதிகமாகியிருந்தது 2002-ல் வெளிவந்தது. ஏ.ஆர்.டி. கிடைக்காத காலத்து ஆய்வுதான். இருந்தாலும் தொற்றைத் தடுக்க வைட்டமின் ஏ கொடுப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. முருங்கைக்கீரை, கேரட், மாம்பழம் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

உங்கள் குழந்தையைக் காப்பது டி.எல்.டி. மாத்திரைதான். அதனால் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதிலுள்ள டோலுடெக்ராவிர், வெறும் வயிற்றில் இரும்போடும் கால்சியத்தோடும் சேர்ந்தால் ரத்தத்தில் சரியாக ஏறாது. அவற்றைப் போட்டு 6 மணி நேரம் கழித்து டி.எல்.டி. போட வேண்டும், டி.எல்.டி.யை முதலில் போட்டால் 2 மணி நேர இடைவெளி போதும். டி.எல்.டி.யையும் அவற்றையும் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

ராத்திரி 10 மணியை மாற்றவே வேண்டாம். காலை 8 மணிக்கு டிபன் முடித்ததும் ஒரு கால்சியம். 11 மணிக்கு இரும்புச்சத்து மாத்திரை, எலுமிச்சை ஜூஸோடு. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, 2 மணிக்கு இன்னொரு கால்சியம். இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று தடுக்கும் என்பதால்தான் நடுவே இந்த இடைவெளி. வயிறு புரட்டினால் இரும்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உள்ள அந்த மாத்திரையை 180 நாள் சாப்பிட வேண்டும். சுகாதார நிலையத்தில் சொன்னால் நேரத்தை மாற்றித் தருவார்கள்.

நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கும் அன்டாசிடுக்கும் அதே 6 மணி, 2 மணிக் கணக்குதான். அதைச் சாப்பாட்டோடு போட்டாலும் விதிவிலக்கு கிடையாது. மல்டிவைட்டமின் வாங்கினால் அட்டையைப் பாருங்கள். பலவற்றில் இரும்பு, துத்தநாகம், வைட்டமின் ஏ எல்லாம் கலந்திருக்கும்.

அடுத்த முறை ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் எடுத்துச் சென்று மருந்தாளுநரிடம் காட்டுங்கள். 32 முதல் 36 வாரத்துக்குள் வைரல் லோட் (ரத்தத்தில் ஹெச்.ஐ.வி. கிருமியின் அளவு) பரிசோதனைக்கு எப்போது வர வேண்டும் என்று அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.