மூட்டுவலியும் ஒத்தடமும் – கடிதம்

வணக்கம்,

என் அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். காலையில் எழுந்ததும் கால் மடங்காது, பத்து நிமிடம் நடந்தால் இளகிவிடும். மாலையில் வலது முழங்கால் வீங்கிச் சுடுகிறது. வெந்நீர் ஒத்தடம் கொடு என்கிறார் பெரியம்மா. ஐஸ் வை என்கிறாள் அக்கா. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து அம்மா சலித்துவிட்டார். எது சரி?

ச.

அன்புள்ள ச.,

பெரியம்மா சொல்வதும் சரி, அக்கா சொல்வதும் சரி. எந்த நேரத்தில் என்பதை மட்டும் இருவரும் சொல்லவில்லை.

காலையில் மடங்காத முழங்காலுக்குச் சூடு. இரவெல்லாம் அசையாமல் கிடந்ததில் மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் இறுகியிருக்கும். சூடு பட்டதும் ரத்தக்குழாய்கள் விரியும், தசை தளரும். மாலையில் வீங்கிய முழங்காலுக்குக் குளிர். அங்கே ஏற்கெனவே ரத்த ஓட்டம் பெருகி நீர் கோத்திருக்கிறது. குளிர் அந்தக் குழாய்களைச் சுருக்கும், வலியைக் கடத்தும் நரம்புகளையும் மந்தமாக்கும். அப்போது வெந்நீர் வைத்தால் வீக்கம் கூடலாம். புறங்கையால் இரண்டு முழங்கால்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடச் சுட்டால் அதற்கு ஐஸ். விறைப்பு மட்டும் இருந்தால் வெந்நீர்.

ஒத்தடம் கொடுத்து வலி குறைந்ததும் பலரும் மறுபடி படுத்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். சூடு தரும் சுகம் கொஞ்ச நேரத்தில் போய்விடும். அது போவதற்குள் மூட்டை அசைக்க வேண்டும். 15, 20 நிமிட ஒத்தடம் முடிந்த கையோடு அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை அப்படியே நிறுத்தி, மெல்ல இறக்கட்டும். பிறகு அடுத்த கால். முடிந்தவரை பத்து முறை. தொடைத்தசை வலுத்தால் முழங்காலின் சுமை குறையும். நீண்ட நாள் பலன் இந்தப் பயிற்சியில்தான் இருக்கிறது, ஒத்தடம் அதற்கு வழிவிடுகிறது.

ஐஸை நேரடியாகத் தோலில் வைக்காதீர்கள். துண்டில் சுற்றி 10, 15 நிமிடம் போதும். சூடு தரும் மின்பட்டையை வைத்தபடி தூங்கிவிடக் கூடாது. தைலம் தடவிய இடத்தில் சூடு வைத்தால் தோல் வெந்துபோகலாம். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்து, காலில் மரத்துப்போன உணர்வும் இருந்தால், சுடுவதே தெரியாமல் கொப்புளம் வந்துவிடும். அப்படியென்றால் மருத்துவரைக் கேட்காமல் சூடோ ஐஸோ வேண்டாம்.

ஒரு மூட்டு திடீரென்று சிவந்து வீங்கி, காய்ச்சலும் அடித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கிருமித்தொற்றாக இருந்தால் சில நாட்களிலேயே மூட்டை அழித்துவிடும். கைவிரல் மூட்டுகள் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்குச் சீக்கிரம் மருந்து தொடங்க வேண்டும், ஒத்தடம் அந்த நோயைத் தடுக்காது. உங்கள் கடிதத்தில் அந்த அறிகுறிகள் இல்லை. ஆனாலும் வலது முழங்கால் மட்டும் மாலைதோறும் வீங்குவதை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அம்மாவுக்கு ஐஸ் பிடிக்கவே இல்லையென்றால் வற்புறுத்தாதீர்கள். காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து ஓய்வெடுத்தாலும் வீக்கம் ஓரளவு வடியும்.