நன்றாகப் பராமரித்த குடும்ப எஸ்யூவியைத் தரகர் இல்லாமல் நேரடியாக விற்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

2014இல் வாங்கி, ஒரே கையில் இருந்த எங்கள் மஹிந்திரா எக்ஸ்யூவி500 வண்டியை 2023இல் திருச்சியில் நானே நேரடியாக விற்றேன். வண்டியை நன்றாக வைத்திருப்பதைவிட, அப்படி வைத்திருந்தோம் என்று காட்டுவதும், கொடுத்த பிறகு நம் பெயரை அதிலிருந்து முறைப்படி நீக்குவதுமே கடினமானவை என்பதை அப்போது உணர்ந்தேன்.

சர்வீஸ் பில்களைத் தேதி வாரியாக ஒரே கோப்பில் அடுக்கி வையுங்கள். கிலோமீட்டர் கணக்கு ஒவ்வொரு பில்லிலும் ஏறிக்கொண்டே வருவதைப் பார்த்தால், மீட்டரைக் குறைத்திருப்பார்களோ என்ற சந்தேகமே எழாது. யாராவது பார்க்க வரும் நாளில் எஞ்சினை முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக்கி வைக்காதீர்கள். எங்களிடம் வாங்கியவர் உடன் அழைத்து வந்த மெக்கானிக், எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருக்கிறதா என்று அறிய, முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு கதவோரத்து ரப்பர் பீடிங்கை இழுத்து, உள்ளே வெல்டிங் புள்ளிகள் கம்பெனியில் வைத்தபடியே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, டயர்களின் பக்கவாட்டில் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்கங்களைப் படித்தார். இடது பின்கதவு வாயில் கேட்டில் உரசியதால் மறுபடி பெயின்ட் அடித்தோம் என்பதை அவர் கண்டுபிடிக்கும் முன்பே நான் சொல்லிவிட்டதால், அந்தக் கதவைக் காட்டி விலையைக் குறைக்க அவர்கள் முயலவில்லை.

ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும்போது ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்துவிட்டு நீங்களும் உடன் செல்லுங்கள். முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்பவரோடு பேச்சை அத்துடன் நிறுத்திவிடுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண்ணை இடத் தேவையே இல்லை.

பெயர் மாற்றத்தைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இதற்கு முன் விற்ற சிறிய காரை, வாங்கியவர் தாமே மாற்றிக்கொள்வதாகச் சொன்னதை நம்பிக் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து, நான் போயே இராத ஊரில் விதிக்கப்பட்ட அபராதம் என் கைபேசிக்கு வந்தது. அபராதத்தோடு போனதை என் நல்ல காலம் என்றே கருதுகிறேன். ஏனெனில், வண்டி கைமாறியிருந்தாலும் ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன்குமார் எதிர் விஜயகுமார் வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விவரங்களை முழுவதும் நிரப்பிய பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது, அது மிகவும் ஆபத்தானது. கடனில் வாங்கிய வண்டியானால், வங்கியின் தடையில்லாச் சான்றையும் படிவம் 35ஐயும் கொடுத்து, ஆர்.சி.யில் உள்ள அடமானப் பதிவை விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே நீக்கிவிடுங்கள். முழுத் தொகையும் வங்கிக் கணக்கில் ஏறியதை உறுதிசெய்தபின், ஒப்படைக்கும் தேதி, நேரம், கிலோமீட்டர் ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட்ட டெலிவரி நோட்டை வைத்துக்கொண்டு சாவியைக் கொடுங்கள். மேலும், அன்றே ஃபாஸ்டேக் கணக்கை மூடிவிடுங்கள். இல்லையென்றால் வாங்கியவர் கடக்கும் சுங்கச்சாவடிக் கட்டணம் உங்கள் பணத்திலிருந்து போகும்.

காப்பீட்டில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் என்பது வண்டிக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. எனவே காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான சான்றுக் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டால், மூன்று ஆண்டுகளுக்குள் வாங்கும் அடுத்த வண்டியின் பிரீமியத்தில் அந்தத் தள்ளுபடியைப் பெறலாம்.